பாண்டிருப்பில் தீப்பள்ளயம்

மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினால், களுவாஞ்சிக்குடி, கல்லாறு, பெரியநீலாவணை எல்லாம் தாண்டி, கைத்தறிக்குப் பேர்போன மருதமுனைக்கு அடுத்த ஊர் பாண்டிருப்பு. புரட்டாசித் திருவிழாவுக்குத்தான் போனேன். தீப்பள்ளயம் என்னும் தீ மிதிப்பு விழா, திரௌபதை அம்மனுக்கு 18 நாள். பாரதப் போரும் 18 நாள்தானே.

வீரப்பெண் என்றதும் மகிடனை மிதித்து நிற்கும் துர்க்கையும், பெண்படையோடு மதுரையை ஆண்டதாகக் கதை சொல்லும் அல்லி அரசாணியும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு அவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள் பாஞ்சாலி. அவள் வில்லைத் தொடவில்லை. துருபதனின் வேள்வித் தீயில் பிறந்தவள். அதே தீயில் வந்த அவள் அண்ணன் திட்டத்துய்மன் பாண்டவர் சேனைக்குத் தலைவனானான். ஆனால் முதல் அம்பை எய்தவள் அவள்தான். 'தன்னைத் தோற்றுவிட்டவர் என்னைப் பணயம் வைக்கலாமா?' என்று சபை நடுவே கேட்டாளே, அந்தக் கேள்வி! பீஷ்மரே தடுமாறிப் போனார். விரித்த கூந்தலை 13 வருடம் முடியாமல் வைத்திருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

வனவாசத்தன்று பாண்டவர் கோலம் பூண்டவர்கள் ஊருக்குள் நடந்து வருகிறார்கள். வாசலில் நிறைகுடம் வைத்துப் பெண்கள் குரவையிடுகிறார்கள். நாடு இழந்து காட்டுக்குப் போகிறவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஊரே வழியனுப்புகிறது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். பிறகு தவநிலை. சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டி அருச்சுனன் உயரத்தில் ஏறும்போது அத்தனை கண்ணும் மேலேதான்.

பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருவரிடம், "சண்டை பிடிச்சதெல்லாம் ஆம்பிளையள்தானே ஆச்சி, ஏன் தாய்க்குக் கோயில்?" என்று கேட்டேன்.

"அவங்க ஆயுதம் தூக்கினாங்க மனே. சண்டைய நடத்தினது தாய்தான். வெண்டாப் பிறகு அவக்கு என்ன மிஞ்சின? அஞ்சு பிள்ளையளும் போயிட்டுதுகள்."

அசுவத்தாமன் இரவில் புகுந்து வெட்டிய கதை அது. உள்நாட்டுப் போரையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஊருக்குள் ஏறிய கடலையும் கண்ட கரை இது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இந்த அம்மனிடம் எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடைசி நாள் தீ மிதிப்பு. நோன்பிருந்தவர்கள் மஞ்சள் பூசி, வேப்பிலையோடு, தணல் பரப்பிய குழியில் இறங்கினார்கள். பறையும் அரோகராவும் காதை அடைத்தன. அவள் பிறந்த இடம் தீ. அடியார்கள் அவள் மடியில்தான் கால் வைக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

பலர் தீ மிதிப்புக்கு மட்டும் வந்து திரும்புகிறார்கள். போக நினைப்பவர்கள் வனவாசத்தன்றே போய்ச் சேருங்கள். அந்த நடையைக் கண்ட பிறகு தணலைப் பாருங்கள்.