பல் கடிக்கிறேன் என்று தெரிய ஐந்து மாதம் ஆனது

முதலில் வந்தது காதுவலி. வலது காது, காலையில் எழும்போது மட்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு "காது சுத்தமா இருக்கு" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சுத்தமாக இருக்கிற காதுக்கு எதற்குச் சொட்டு மருந்து என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் நெற்றிப்பொட்டில் தலைவலி. கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடியும் போட்டாயிற்று. வலி போகவில்லை.

மூன்றாவது மாதம் கடைவாய்ப் பல் கூசத் தொடங்கியது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் இரண்டே நிமிடத்தில் "ரூட் கேனால் பண்ணிடலாம், இன்னைக்கே ஆரம்பிக்கலாம்" என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்ட பிறகுதான் எடுத்தார்கள். சொத்தையே இல்லை. அப்படியும் முன்பணம் கட்டச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். அன்று வந்தது நல்லதாகப் போயிற்று. சொத்தை தெரியாவிட்டால், எதற்காக ரூட் கேனால் என்று விளக்கம் கேட்காமல் யாரும் உட்காராதீர்கள்.

உண்மையைச் சொன்னது என் மகள்தான். "அம்மா, நீ ராத்திரி பச்சரிசி மெல்லுற மாதிரி சத்தம் போடுற." அத்தை உடனே வயிற்றில் பூச்சி என்று சொல்லி மாத்திரை வாங்கிவரச் செய்தார். போட்டும் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

அடுத்து அரசு பல் மருத்துவக் கல்லூரி. காலை ஏழரைக்கே போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள். பத்து மணிக்குப் போனால் அன்றைய நாள் வீண். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாவது தடவை பார்த்த பயிற்சி மருத்துவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் ஓரமெல்லாம் பல் அழுந்திய தடம். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு கோடு. தாடைத் தசையில் விரலை வைத்து அழுத்தினார், காதுவரை வலித்தது. ஐந்து மாதம் காது என்று நினைத்தது அந்தத் தசையும் தாடை மூட்டும்தான். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது என்று அவர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

அப்புறம் கேட்டார்: "புதுசா ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?" அதுவரை பார்த்த ஒருவரும் இதைக் கேட்கவில்லை. பதற்றத்துக்காக எஸ்சிட்டலோபிராம் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பை உண்டாக்கும் என்றார். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய்ச் சொன்னேன், அவர் பார்த்து அளவைக் குறைத்தார். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு முட்டுகிறதா என்றும் பல் மருத்துவர் கேட்டார். அதற்கும் பல் கடிப்புக்கும் தொடர்பு இருக்கலாமாம். எனக்கு இல்லை.

ராத்திரி பல்லில் மாட்டிக்கொண்டு தூங்கும் உறைக்கு நைட் கார்டு என்று பெயர். அதற்கு அளவு எடுத்தது ஒரு சனிக்கிழமை. பசையில் பல்லைப் பதித்து எடுத்த அச்சை, லேப் ஆள் லீவு என்று திங்கள்வரை அப்படியே வைத்துவிட்டார்கள். அந்தப் பசை காய்ந்தால் சுருங்கிவிடும், பல்லின் மாதிரி செய்ய உடனே அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றிவிட வேண்டும். வந்த கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்தது வீண், மறுபடி அளவு. ஆகவே வார நடுவில் போங்கள், இன்றைக்கே மாவு ஊற்றிவிடுவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கார்டு கைக்கு வந்ததும் கடித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தொட வேண்டும்.

இரண்டாவது கார்டு கச்சிதம். வெந்நீரில் கழுவினால் கோணிக்கொள்ளும், பச்சைத் தண்ணீர் போதும். இது பல்லைக் காப்பாற்றுமே தவிர கடிப்பதை நிறுத்தாது என்பதையும் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். பகலில் நான் கவனிப்பது இன்னொன்று: உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சும்மா இருக்கும்போது ஒட்டியிருக்கக் கூடாது. கணினி முன்னால் உட்கார்ந்தால் நான் இறுக்கிக்கொள்வது இப்போதுதான் தெரிகிறது. சாயங்காலக் காபியையும் விட்டுவிட்டேன்.

ஆறு வாரமாகக் காதுவலி இல்லை. ஓரம் சிதறிய கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் அடைப்பு வைக்க வேண்டும், வரும் வியாழன் ஏழரை மணி வரிசைக்குப் போகிறேன்.