ஒரு கை புடி சாமி

போன ஜூன் மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஒரு ஆயா என்னைக் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது.

சந்தூர்ப் பக்கமிருந்து வந்த பேருந்து அவரையும் அவருடைய கூடையையும் இறக்கிவிட்டுப் போயிருந்தது. கூடை நிறைய செந்தூரா மாம்பழம். வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். காவேரிப்பட்டணம் பேருந்துக்காக நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கிட்டே போய், "உதவி வேணுங்களா ஆயா? ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மாடு வெச்சிக்கினு நிக்கறது தெரியல? இதையெல்லாம் கேப்பாங்களா சாமி? ஒரு கை புடி."

பிடித்தேன். இருபது கிலோவாவது இருக்கும். அவர் லேசாகக் குனிந்து தலையைக் கொடுத்தார். நான் வைத்த கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கழுத்தை ஒரு ஆட்டு ஆட்டி அவரே அதை நடுவில் நிறுத்திக்கொண்டு, "எந்த ஊரு நீ?" என்றார்.

"காவேரிப்பட்டணம் ஆயா."

"அட, நம்ம பையனா! வெளியூர்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். ரவுண்டானா பக்கம் நடந்துவிட்டார். கைவீச்சில் ஒரு வேகம், கழுத்து மட்டும் அசையவில்லை. எனக்கு முப்பத்து நாலு வயது. அந்தக் கூடையோடு பத்தடி என்னால் நடந்திருக்க முடியாது.

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் இருக்கும் ஸ்டுட்கார்ட் நம்ம ஊர் மாதிரியே குன்றுகள் சூழ்ந்த ஊர். மேட்டிலிருக்கும் வீடுகளுக்குப் போக, ஊர் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். 'ஷ்டெஃபெலே' என்பார்கள். வந்த முதல் வருடம் அப்படி ஒரு பாதையில் ஒரு பாட்டி இரண்டு கைகளிலும் பை தொங்க ஏறிக்கொண்டிருந்தார். ஒன்றில் உருளைக்கிழங்கு, இன்னொன்றில் பால். நம்ம வழக்கப்படி பின்னாலேயே போய் ஒரு பையைப் பிடித்துவிட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். திருடன் என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவர், "நன்றி. என்னால் இன்னும் முடிகிறது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ஏறினார்.

பார்த்தால் என் கட்டடத்திலேயே மூன்றாம் மாடி. அன்றைக்கு அவருக்கு எழுபத்து மூன்று வயது. வாசலில் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். தன் பெயரைச் சொல்லி, இனி அப்படியே கூப்பிடு, 'டூ' போட்டே பேசு என்றார். 'டூ' என்றால் நீ. 'ஸீ' என்றால் நீங்கள். நீ என்று பேசலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கே மரியாதை. அவர் எனக்குத் தந்தது பெரிய இடம். ஆனால் பாட்டி வயதுக்காரரைப் பெயர் சொல்லி நீ என்பதா? என் நாக்கு இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. பெயரைச் சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு 'ஆயா'வைச் சேர்த்துக்கொள்கிறேன்.

மற்றபடி பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் இயந்திரம் ஓட்டக் கூடாது, கண்ணாடிப் புட்டியைத் தொட்டியில் போடக்கூடக் கூடாது, ஊர் தூங்க வேண்டும் என்பது பழகிவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து இருபத்தைந்து சென்ட் வாங்குவதும் பழகிவிட்டது. கேழ்வரகு மாவு இந்தியக் கடையில் கிடைக்கிறது. களி கிண்டத் துடுப்புக்குப் பதில் மரக்கரண்டி. கட்டி தட்டாமல் வருகிறது. மாம்பழத்தைத்தான் பெட்டியில் கொண்டுவர முடியாது. சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் வரலாம் என்று விட்டிருப்பது வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்தையும்தான். அதனால் ஊரில் இருக்கும் நாட்களிலேயே தின்று தீர்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக் களி கிண்டும்போதுதான் என் சொந்த ஆயா வந்து நிற்பார். புல்லுக்கட்டைக் கட்டி வரப்பில் வைத்துவிட்டு, போகிற வருகிற யாரையும், பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், "ஏ கண்ணு, தூக்கி உடு" என்பார். மறுத்தவரை நான் பார்த்ததில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து தூக்கிவிட்டுப் போவார்கள். யாரும் நன்றி சொன்னதில்லை, எதிர்பார்த்ததும் இல்லை. தலைச்சுமையைத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொரு கை வேண்டும், அந்தக் கை வழியில் போகிற யாருடையதாகவும் இருக்கலாம். அவ்வளவு சாதாரணமான விஷயம் அது. எனக்குப் பத்து வயது ஆனபோது முதன்முதலாக என்னைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். அன்று முழுக்க நான் பெரியவன் ஆகிவிட்ட மாதிரி நடந்தேன்.

இங்கே யார் மீதும் எனக்குக் கோபமில்லை. அந்தப் பாட்டி தன் சுமையைத் தானே சுமப்பதில் இருக்கும் மிடுக்கை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட என்னை எதையும் தூக்கிவிடச் சொல்லவில்லை. இதைச் சொன்னால் நண்பர்களுக்குப் புரிவதில்லை, நல்லதுதானே என்கிறார்கள். எனக்கு அது நெஞ்சில் ஒரு காலி இடம். அதைவிட வலிப்பது, ஊரில் ஒரு ஆயா சும்மாட்டோடு நிற்கும்போதும் "உதவி வேணுங்களா" என்று அனுமதி கேட்டு நிற்கிற ஆளாக நான் மாறியிருந்தது.

திரும்பி வந்த சனிக்கிழமை காலை, கட்டடப் படியில் பாட்டி ஏறிக்கொண்டிருந்தார். இப்போது எண்பத்து ஒன்று முடிந்துவிட்டது. இரண்டு பைகள்தான், ஆனால் ஒவ்வொரு மாடியிலும் கீழே வைத்து மூச்சு வாங்குகிறார். என் கை தானாக நீண்டது, மடக்கிக்கொண்டேன். "ஊர் எப்படி இருந்தது?" என்றார். "மாம்பழக் காலம்" என்றேன். சிரித்துவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டார். முந்திப் போக மனசில்லாமல் ஒரு மாடி கீழேயே நின்றேன், அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை.

மணி ஒன்பது. கிருஷ்ணகிரியில் அப்போது பன்னிரண்டரை. ரவுண்டானா பக்கம் செந்தூரா எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும். காலிக் கூடையை அந்த ஆயா தானே எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்.