சோபாவுக்குப் பின்னால் மரண ரயில்: நான்காம் மாதம்

இந்த மாதத்தில் பாதி பூஞ்சையோடு மல்லுக்கட்டியதிலேயே போய்விட்டது.

முந்தைய மாதங்களைப் படிக்காதவர்களுக்கு: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், சோபாவுக்குப் பின்னால், 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் பலகையில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் ஒரு துண்டைச் செய்துகொண்டிருக்கிறேன். அளவு 150-ல் 1. பலகையில் இருப்பது நிஜத்தில் 180 மீட்டர்தான். முழுப் பாதை 415 கிலோமீட்டர். இதே அளவில் அதைச் செய்தால் தண்டவாளம் வாசலைத் தாண்டி இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஓடும். மனைவியிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

மலைச்சரிவின் மண்ணுக்குக் கோப்பிச் சக்கை போட்டேன். கீழே கோப்பிக்கடையில் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பசை தடவித் தூவினேன். அப்புறம் பத்து நாள் விடாத மழை. ஒரு காலை பார்த்தால் மலை முழுக்க வெள்ளைப் பஞ்சு. "என்னங்க, அங்க எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் நானே குனிந்து பார்த்தேன். எல்லாவற்றையும் சுரண்டி எறிந்தேன். இப்போது போட்டிருப்பது ஓவனில் ஒரு மணி நேரம் வாட்டிய சக்கை. இதுவரை பஞ்சு பூக்கவில்லை.

அதே ஈரத்தில் கட்டைப் பாலமும் கோணிவிட்டது. அந்தப் பாதையில் வாம்போ என்ற இடத்தில் ஆற்றோரப் பாறையை ஒட்டி மரக்கால்களில் நிற்கும் பாலம்தான் என் மாதிரி. சாத்தே குச்சிகளைக் கோப்பித் தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்பேற்றினேன். முழுதாகக் காயும் முன்பே ஒட்டியது என் தப்பு. மூன்றாவது காலும் ஏழாவது காலும் ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கின. ஒன்பதரை சென்டிமீட்டர் எஞ்சினுக்கு அதுவே போதும், சக்கரம் இறங்கிவிடும். நிஜப் பாலங்களுக்கும் காட்டில் வெட்டிய பச்சை மரத்தையே காயவிடாமல் நட்டார்கள். வழிநெடுக அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். எனக்கு ஒன்றுக்கே முதுகு ஒடிகிறது.

எஞ்சின் சி56 என்ற ஜப்பானிய நீராவி எஞ்சின். ஜப்பானில் 1067 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய 90 எஞ்சின்களை 1000 மில்லிமீட்டருக்குக் குறுக்கிக் கப்பலேற்றினார்கள். என் அளவில் அந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். கறாராகப் பார்த்தால் 6.7 இருக்க வேண்டும். திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

பாலத்தை இரண்டாம் முறை பிரித்துக் கட்டும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பாதையைப் போட்டதே கடலுக்குப் பயந்து. 1942-ல் ஜப்பானியர் பர்மாவின் ரங்கூனைப் பிடித்தாயிற்று. அங்கிருக்கும் படைக்கு அரிசியும் குண்டும் சிங்கப்பூரைத் தாண்டி, மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் போக வேண்டும். அந்த ஜூனில் பசிபிக்கில் மிட்வே சண்டையில் அவர்களின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கிய பிறகு கப்பல்களுக்குக் காவல் தரத் தெம்பில்லை. சரி, தரை வழியே போவோம் என்றார்கள். அதற்குத் தண்டவாளம்? மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலும் மலாக்கா கிளைப் பாதையிலும் பெயர்த்தார்கள். ஒரு வழியைத் திறக்க இன்னொரு வழியை அழித்தார்கள்.

கட்டுகிறவர்களுக்குச் சோறு? அதற்கும் வழி வேண்டுமே. 1943 மழையில் காட்டுச்சாலை சேறாகி லாரிகள் நின்றன. மேல்பக்கத்து முகாம்களுக்கு அரிசி போகவில்லை, காலரா போனது. சாப்பாடு கொண்டுபோகப் போட்ட பாதையைப் போட்டவர்களுக்கே சாப்பாடு போய்ச் சேரவில்லை. போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 வரை என்று கணக்கு. மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் ஏராளம். என் பாட்டியின் அண்ணன் ஜொகூர் தோட்டத்திலிருந்து, "மூணு மாச வேலை" என்று கூட்டிப்போகப்பட்டவர். வரவில்லை.

போன ஞாயிறு ஓட்டிப் பார்த்தோம். பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஒரு கரண்டி அரிசி. என் மகள்தான் நேச நாட்டு விமானம். ஒரு முறைக்கு ஒரு பொருளை எடுத்துவிடலாம். நான் பாலத்தைக் காக்கத் தயாராக நின்றேன். அவள் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கினாள். "எஞ்சினுக்குத் தண்ணி இல்லப்பா. பாலத்த எதுக்கு உடைக்கணும்?" அடுத்த முறை விறகு அடுக்கு. அதற்கடுத்து, ரயில்கள் விலகும் கிளைத் தண்டவாளத்தில் ஒரு துண்டு. ஒற்றைப் பாதை, எதிரே வந்த அட்டை ரயிலும் என் ரயிலும் மூக்கோடு மூக்கு. பாலத்தை அவள் தொடவே இல்லை.

க்வாய் ஆற்றின் மேல் தமர்கானில் இருக்கும் இரும்புப் பாலத்தில் குண்டு விழுந்த அடையாளம் இன்றும் தெரியும். மேல்விளிம்பு வளைந்தவை ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழைய சட்டங்கள். நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் போருக்குப் பின் வைத்தவை. நாளுக்கு 3,000 டன் சரக்கு என்று போட்ட திட்டத்தைக் கட்டும்போதே குறைத்தார்கள். விமானங்களுக்குப் பயந்து ரயில்கள் இரவில் ஓடின. 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து இந்தியாவின் இம்பாலைப் பிடிக்கக் கிளம்பிய ஜப்பானியப் படை ஏறக்குறைய மூன்று வார உணவோடு போனது. ஜூலைவரை அங்கே கிடந்தது. நம் ஊர்த் திடலில் நேதாஜியின் பேச்சைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அங்கே போனவர்களும் அந்தப் பட்டினியில் பங்காளிகள்.

மிச்சம் இருப்பது ஆட்கள். வாங்கிய பொம்மைகள் தோக்கியோ ஆபீஸ்காரர்கள். கோட்டு, டை, கையில் பெட்டி. ஒன்றே கால் சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. கத்தி முனையால் பெட்டியைச் சீவி, கோட்டின் மேல் பழுப்பு பூசி, இடுப்பில் வெள்ளைக் கோடு இழுத்தால் வேட்டி. பதினான்கு முடிந்தது. தோள்கள்தான் ஒத்துவரவில்லை, நன்றாகச் சாப்பிட்ட தோள்கள். இன்றைக்கு மறுபடி சீவ உட்கார்ந்தேன். இரண்டு உடைந்துவிட்டன. பன்னிரண்டும் மைலோ டின் மூடியில் காய்கின்றன.