நாகையைச் சுற்றி

ஜனவரி 19, நாகப்பட்டினம்

வெளிப்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் தங்கல். காலையில் முதல் வேலையாகச் சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "அங்க என்னடா இருக்கு பாக்க?" என்றார். அவர் சொன்னது சரிதான். கடல் கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசை ஆண்ட மன்னன் எழுப்பி, ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை விட்டுக்கொடுத்த விகாரம் அது. கடைசியாக மிஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். மண்ணில் கிடைத்த புத்தர் செப்புச் சிலைகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் நாகூர். தர்காவின் 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கப்பலேறிப் போனவர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் பெயரிலேயே தர்கா கட்டிக்கொண்டார்கள். நாகை எப்பேர்ப்பட்ட துறைமுகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஜனவரி 20, தரங்கம்பாடி

காரைக்கால் வழியாக பஸ். நடுவில் கொஞ்ச தூரம் புதுச்சேரி மாநிலம். சிலருக்கு அந்தக் கொஞ்ச தூரம்தான் சுற்றுலாவே. டேனிஷ்காரர்கள் ரகுநாத நாயக்கரிடம் 1620இல் ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையில் செல்ஃபி கூட்டம். எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்களுக்கு முன்பே இருந்தது, பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

ஜனவரி 22, முத்துப்பேட்டை

நேற்று பஸ்ஸிலேயே போய்விட்டது, எழுத ஒன்றுமில்லை. இன்று அப்படியில்லை.

ஜாம்பவானோடையில் படகு ஏறினோம். வனத்துறை அனுமதி முன்பே வாங்கியிருந்தோம். கோரையாற்றில் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. படகுக்காரர் ஓர் இலையைப் பறித்து, "நக்கிப் பாருங்க தம்பி" என்றார். உப்பு! வேர் இழுத்த உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கரைச் சேற்றில் மூச்சு வேர்கள், நட்டு வைத்த பென்சில்களைப் போல ஆயிரக்கணக்கில். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் மேலே வந்து மூச்சு விடுகின்றன.

ஆறு முடிந்ததும் லகூன், அதாவது கடலோரக் காயல், விரிகிறது. அங்கங்கே காடு மூடிய திட்டுகள். ஆழம் குறைந்த இடங்களில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கம்பால் தள்ளினார். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப் போட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தார். வெறும் திடலாகக் கிடக்கும் இடங்களில் வனத்துறை மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டுகிறது: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். ஓதத் தண்ணீர் உள்ளே வந்து போகப் போக மண்ணின் உப்பு குறைகிறது, கிளைகளின் ஓரத்தில் கன்று பிடிக்கிறது. வாய்க்கால் வெட்டுவது டெல்டாக்காரனுக்குப் புதுசா என்ன? ஆனால் கடல் தண்ணீருக்காக வெட்டுவதை இங்கேதான் பார்த்தேன்.

வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு என்று ஒரே நாளில் வேனில் முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. வராமல் இருப்பதும் காட்டுக்கு நல்லதுதான்.

சித்தப்பா அடுத்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்கு அடிபோடுகிறார். அவருக்கு இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.