மிராஃப்ளோரஸ் லாக்: கப்பலைவிடத் தண்ணீரைப் பாருங்கள்

பனாமா கால்வாயைப் பார்க்க நண்பகலில் போகாதீர்கள். அதன் பசிபிக் முனையிலுள்ள மிராஃப்ளோரஸ் லாக்கில் (கதவுகள் கொண்ட தொட்டியில் நீரை ஏற்றி இறக்கிக் கப்பலை உயர்த்தும், தாழ்த்தும் அமைப்பு) பொதுவாகக் காலையில் பசிபிக் பக்கமிருந்து கப்பல்கள் மேலேறும். பிற்பகலில் அட்லாண்டிக்கிலிருந்து வந்தவை இறங்கும். நடுவில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். வழிகாட்டிப் பலகைகள் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாடத்தில் நின்று நீர்மட்டத்தைக் கவனியுங்கள். தொட்டியை நிரப்பப் பம்பு எதுவும் கிடையாது. மேட்டிலுள்ள ஏரிநீர் தன் பாரத்தாலேயே சுவருக்குள் ஓடும் குகைவழிகளில் பாய்ந்து, தரைத் துளைகள் வழியே பொங்கும். 305 மீட்டர் நீளத் தொட்டி சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடுகிறது! கதவுகள் மேல்நீரை நோக்கி முக்கோணமாகச் சேர்வதால், அழுத்தம் கூடக்கூட இன்னும் இறுகும். கடல்பக்கக் கதவுகள் மிக உயரமானவை. பசிபிக்கின் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குவதே காரணம்.

தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், அதற்குள் அடங்கும் மிகப் பெரிய அளவான பழைய ‘பனாமேக்ஸ்’ கப்பலின் அகலம் 32.3. பக்கத்துக்கு அரை மீட்டர் சொச்சம்தான் மிச்சம். தண்டவாளத்தில் வரும் ‘மூலா’ எஞ்சின்கள் கப்பலை இழுத்துப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். முன்னே செல்லக் கப்பலின் சொந்த எஞ்சின் இருக்கிறது. மூலாவின் கம்பிவடம் முக்கியமாகக் கப்பலைத் தொட்டியின் நடுவிலேயே வைத்திருக்கிறது, தடுத்துப் பிடிக்கிறது.

ஒரு கப்பல் கால்வாயைக் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கும். 2023 வறட்சியில் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தது இதனால்தான்.