அழுகண்ணி நாற்றுகளைத் தின்ற புழுக்கள்

பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிக்குப் பூச்சியால் என்ன கேடு வந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு தொட்டி நிறைய இருந்த ட்ரோசெரா காபென்சிஸ் நாற்றுகள் ஒரே வாரத்தில் சாய்ந்து போயின.

ட்ரோசெராவைத் தமிழில் அழுகண்ணி என்பார்கள். இலை முடிகளின் நுனியில் நிற்கும் பிசினைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். இதன் விதை வெறும் தூசு. தாளை மடித்து, மடிப்பில் விதையைக் கொட்டி, விரலால் மெல்லத் தட்டித்தான் தூவ முடியும். மேலே எதையும் போட்டு மூடக்கூடாது. முளைக்க ஒளி வேண்டும். உரம் கலக்காத பீட் (சதுப்புநிலப் பாசி மட்கியது) இரண்டு பங்கு, கழுவிய சிலிக்கா மணல் ஒரு பங்கு, அடித்தட்டில் மழைநீர். குழாய்நீரின் உப்பு நாளடைவில் வேரைக் கெடுத்துவிடும். பூச்சி தின்னும் இன்னொரு செடியான சர்ராசீனியாவின் விதையைப்போல ஈரத்தில் வைத்துப் பல வாரம் குளிரூட்ட வேண்டிய தேவை இதற்கு இல்லை.

மூன்றாம் வாரம் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்: விதையிலைகளை அடுத்து வந்த இலை கடுகளவுகூட இல்லை, அதிலும் பிசின் முடிகள்! அன்று எத்தனை முறை போய்ப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

பக்கத்துத் தொட்டியின் வளர்ந்த செடிகளில் சின்னக் கறுப்பு ஈக்கள் ஒட்டியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அங்கேதான் தவறினேன். அவை பூஞ்சை ஈக்கள். சிக்கியவை கொஞ்சம், சிக்காதவை ஈர பீட்டில் முட்டையிட்டுவிட்டன. கண்ணாடி போன்ற உடலும் கருந்தலையும் கொண்ட அவற்றின் புழுக்கள் பூஞ்சையோடு இளவேரையும் தின்னும். நாற்றைத் தொட்டதும் வேரில்லாமல் கையோடு வந்தது.

இப்போது பீட்டில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்த பிறகே விதைக்கிறேன். தொட்டியின் வாயை மெல்லிய வலையால் கட்டுகிறேன். புழு தெரிந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை நீரில் கலந்து ஊற்றுகிறேன். அதைத் தின்னும் புழுதான் சாகும், பறக்கும் ஈக்கு ஒன்றும் ஆகாது. அதனால் வாரம் ஒரு முறையாக நான்கு வாரமாவது விடாமல் ஊற்ற வேண்டும்.

வளர்ந்த செடிக்கு வரும் எதிரி அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சி. இலை விரியாத நடுக்குருத்தில், பிசின் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரும். புது இலை கோணலாக வந்தால், உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள் அங்கே கிடக்கின்றனவா என்று தேடுங்கள். சோப்பு நீர் தெளித்து ஒரு நல்ல செடியின் இலைகளைக் கருக்கியிருக்கிறேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது. செடியைத் தொட்டியோடு மழைநீரில் ஒன்றிரண்டு நாள் மூழ்கடித்து வைப்பதே எனக்குக் கைகொடுத்த வழி. ஒரு வாரம் கழித்து மறுபடியும் மூழ்கடிக்க வேண்டும். பிசின் கரைந்துபோகும், கவலை வேண்டாம், திரும்பச் சுரக்கும். நாற்றுத் தொட்டியில் இதைச் செய்தால் நாற்றுகள் மிதந்துவிடும். அங்கே ஈரத் தூரிகை நுனியால் அசுவினிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

பீட்டின் மேல் துள்ளும் வெள்ளைப் பொடிப்பூச்சிகளை மட்டும் கொல்லாதீர்கள். அவை அழுகலைத் தின்பவை, நாற்றின் வாய்க்கு அளவான இரையும்கூட. இரண்டாம் விதைப்பில் 41 நாற்றுகள் நிற்கின்றன. நேற்றுக் காலை அவற்றில் ஒன்று அப்படியொரு பூச்சியைப் பிடித்திருந்தது; மாலையில் பார்த்தபோது, சுற்றியிருந்த முடிகள் எல்லாம் அதன்மேல் வளைந்திருந்தன.