பச்சை நூல்

பாம்பன் வடக்குக் கரையில் இன்று சாயங்காலம் சித்தப்பா நண்டு வலை தைத்துக்கொண்டிருந்தார். வலையை இழுத்துப் பிடித்திருந்தது கால் பெருவிரல். வெள்ளை வலையில் அங்கங்கே பச்சை நூல் ஒட்டு.

"மடி இழுத்து அறுத்ததா சித்தப்பா?"

"இல்லப்பா, இது கல்லுல சிக்குனது. அந்தக் காலத்துல மடி இழுத்தா, ஒட்டுப் போடக்கூட ஒண்ணும் மிஞ்சாது."

மடி என்பது விசைப்படகு கடலடியோடு இழுத்துப்போகும் பை வலை. இறால் ஏற்றுமதிக்காக அரசே கடனும் மானியமும் கொடுத்து வளர்த்ததுதான் விசைப்படகு. நாட்டுப்படகுக்காரர் ராத்திரி விரித்த வலையைக் காலையில் காணோம் என்று தொடங்கிய பகை. எழுபதுகளில் தமிழகக் கரையில் படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. ஆனால் பாக் விரிகுடாவில் தூரத்தால் பிரிக்க அவ்வளவு கடல் ஏது? உட்கார்ந்து பேசி, நாளால் பிரித்தார்கள். வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. கடலையே முறைவைத்துப் பங்கிட்ட அந்தப் பெரியவர்களை நான் கும்பிடுகிறேன்.

இன்று நம் கரை மடி மன்னார், யாழ்ப்பாணத் தமிழர்களின் வலையை அறுக்கிறது. 2017-ல் இலங்கை இழுவை மடியைத் தடைசெய்தது. அவர்களோடு பலமுறை பேசியும் அப்படியொரு பங்கீடு இன்னும் கூடிவரவில்லை. அது எனக்கு வலிக்கிறது.

சித்தப்பா ஊசியில் மறுபடி பச்சை நூல் சுற்றினார்.

நாளை நாட்டுப்படகு நாள்.